கேள்வி கேட்கக் கூடாத ஒரு நிமிடம்

2005 அக்டோபரில் நான் ஹாரிஸ்பர்க்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சில்வேனியா மாநிலத்தின் தலைநகரம் என்று பெயர்தான், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் ஆள் இருக்காது. அரசுத் துறை ஒன்றுக்கு கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதும் வேலை. மதியம் சாப்பிட்ட தூக்கம் கலைய வால்நட் தெருவில் ஒரு சுற்று நடப்பேன். அந்த மாதம் முழுக்க அங்கிருந்த நீதிமன்றக் கட்டடத்தின் வாசலில் டிவி வேன்கள் நின்றன. கொலை வழக்கா, லஞ்ச வழக்கா என்று கூட வேலை பார்த்தவரிடம் கேட்டேன். "ஒன்பதாம் வகுப்பு பயாலஜி" என்றார்.

சிரித்துவிட்டு நடையைத் தொடர்ந்தேன். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். போகவில்லை. ஊரே திரண்டு பார்த்த தேரை, தேரடியில் குடியிருந்துகொண்டே பார்க்காமல் விட்டவன் நான்.

அந்த வார இறுதியில் நியூ கம்பர்லண்ட் கோயிலில் புளியோதரைத் தட்டோடு நின்று பேசிக்கொண்டிருந்தபோது, பள்ளியில் பரிணாமப் பாடம் பற்றிய இந்த வழக்கும் பேச்சில் வந்தது. "நிலாவுக்கு ஆள் அனுப்பின நாடு, இன்னும் ஆதாம் ஏவாள்லயே நிக்குதேப்பா" என்றார் ஒருவர். "நம்மாளுங்க அப்பவே மீன், ஆமை, பன்றின்னு வரிசையாச் சொல்லிட்டாங்க, டார்வின் அதைத்தான் காப்பியடிச்சான்" என்றார் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். அவதாரக் கதையில் மீன் ஒன்றும் ஆமையாக மாறுவதில்லை, ஒரே விஷ்ணு ஒவ்வொரு முறையும் வேறு உருவம் எடுத்து வருகிறார் என்ற சின்ன விஷயம் அன்று எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

பதினெட்டு வருடம் கழித்து என் மகளின் பத்தாம் வகுப்புப் புத்தகம்தான் அந்த டிவி வேன்களை ஞாபகப்படுத்தியது. அப்போதுதான் உட்கார்ந்து அந்த வழக்கின் 139 பக்கத் தீர்ப்பையும் படித்தேன், விசாரணைப் பதிவுகளிலும் கணிசமான பகுதியைப் படித்தேன். புத்தகக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில், அந்த வழக்கு கிளம்பிய டோவர்.

டோவர், யார்க் கவுண்டியில் உள்ள சின்ன ஊர். ஹாரிஸ்பர்க்கிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவர் மனிதப் பரிணாமத்தைப் பெரிய ஓவியமாகத் தீட்டி அறிவியல் வகுப்பறைக்குக் கொடுத்திருந்தார். 2002இல் அது வகுப்பிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு எரிக்கப்பட்டது. எரித்தவர் வெளியாள் கிடையாது, பள்ளிக் கட்டடங்களின் பராமரிப்பைக் கவனித்தவர். ஊரில் எது புகைந்துகொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

2004இல் புது உயிரியல் புத்தகம் வாங்கும் விஷயம் பள்ளி வாரியத்துக்கு வந்தது. அங்கெல்லாம் பள்ளி வாரியம் என்பது ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒன்பது பேர். பாடத்திட்டக் குழுவின் தலைவர் பில் பக்கிங்ஹாம், ஓய்வு பெற்ற போலீஸ்காரர். ஆசிரியர்கள் கேட்ட புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் டார்வின் இருக்கிறார் என்பது அவருடைய புகார். உயிரியல் புத்தகத்தில் டார்வின் இருப்பது, கணக்குப் புத்தகத்தில் எண்கள் இருப்பது மாதிரிதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. வாரியத் தலைவர் ஆலன் பான்செலும் அவர் பக்கம். பரிணாமத்துக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் படைப்புக்கும் வேண்டும் என்பது பான்செலின் பழைய ஆசை.

அந்த ஆசைக்குச் சட்டம் குறுக்கே நின்றது. அமெரிக்க அரசியல் சாசனப்படி அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, அரசுப் பள்ளியும் அரசுதான். 1925இல் டென்னசியில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்குப் பரிணாமம் நடத்தியதற்காக 100 டாலர் அபராதம் போட்டார்கள். அது வேறு காலம். 1968இல் உச்ச நீதிமன்றம், பரிணாமத்தைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று தடை போடும் சட்டம் செல்லாது என்றது. சரி, தடை வேண்டாம், சம நேரம் கொடுங்கள் என்று லூசியானா 1981இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 'படைப்பு அறிவியல்' என்று அதற்கு அறிவியல் சட்டையும் மாட்டிவிட்டார்கள். 1987இல் அதுவும் செல்லாது என்று தீர்ப்பு. அப்புறம் வந்ததுதான் 'அறிவார்ந்த வடிவமைப்பு'. உயிர்கள் இவ்வளவு சிக்கலாக இருக்கின்றனவே, யாரோ ஓர் அறிவாளி வடிவமைத்திருக்க வேண்டும், அது யார் என்று நாங்கள் சொல்லமாட்டோம் என்பது அதன் சுருக்கம். யார் என்று கேட்டவர்களும் இல்லை, எல்லோருக்கும் தெரியும்.

2004 அக்டோபர் 18 அன்று டோவர் வாரியம் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. டார்வின் கோட்பாட்டில் உள்ள ஓட்டைகளை மாணவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும், அறிவார்ந்த வடிவமைப்பு உட்பட வேறு கோட்பாடுகளையும் சொல்ல வேண்டும். எதிர்த்து வாக்களித்த ஒரு தம்பதி அன்றைக்கே ராஜினாமா செய்துவிட்டார்கள். அடுத்த மாதம் வாரியம் ஓர் அறிக்கை தயாரித்தது. ஒன்பதாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்குமுன் ஆசிரியர் அதை வாசிக்க வேண்டும். நாலே பத்தி, வாசிக்க ஒரு நிமிடம் ஆகும்.

அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்: டார்வின் கோட்பாடு ஒரு தியரி, அது உண்மையல்ல, அதில் இடைவெளிகள் உள்ளன. அறிவார்ந்த வடிவமைப்பு என்று இன்னொரு விளக்கம் உண்டு, விருப்பமுள்ளவர்கள் 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற புத்தகத்தைப் பார்க்கலாம். திறந்த மனத்தோடு இருங்கள். உயிரின் தோற்றம் பற்றிய பேச்சை மாணவர்களிடமும் அவரவர் குடும்பத்திடமும் பள்ளி விட்டுவிடுகிறது.

இந்த 'வெறும் தியரிதானே' என்ற வாதம் எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது. நாம் படித்த பள்ளியில் தியரி என்றால் எழுத்துப் பரீட்சை, மற்றது பிராக்டிகல். தியரியில் எழுபது, பிராக்டிகலில் முப்பது. அதனால் தியரி என்ற சொல்லைக் கேட்டு யாரும் மட்டமாக நினைத்ததில்லை. அமெரிக்கப் பேச்சு வழக்கில் தியரி என்றால் யாரோ டீக்கடையில் உட்கார்ந்து அடித்துவிடும் ஊகம். அறிவியலில் அதே சொல் பல வகைச் சான்றுகளைச் சேர்த்துக் கட்டி நிறுத்திய விளக்கத்துக்குப் பெயர். புவியீர்ப்புக்கும் தியரிதான், கிருமியால் நோய் வருகிறது என்பதும் தியரிதான். ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது, அந்த இடுக்கில் வாரியம் நுழைந்துகொண்டது. தமிழில் நாம் கோட்பாடு என்கிறோம், அதில் இந்த இடுக்கு கிடையாது. ஒரு மொழிபெயர்ப்புச் சொல் தற்செயலாகச் செய்த உதவி.

அறிவியல் ஆசிரியர்கள் அறிக்கையை வாசிக்க மறுத்துவிட்டார்கள். இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பெரிய போராட்டக்காரர்கள் யாரும் இல்லை. ஒருவர் மத போதகரின் மகன். புத்தகம் கிடைத்தால் போதும் என்று பல மாதம் வாரியத்தோடு சமரசம் பேசிப் பார்த்தவர்கள். கடைசியில், அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் இல்லை, உயிரியல் இல்லை, ஏற்கப்பட்ட அறிவியல் கோட்பாடும் இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்கள். பாடப்பொருளைத் தெரிந்தே தவறாகச் சொல்லக் கூடாது என்று மாநில ஆசிரியர் நடத்தை விதியில் இருக்கிறது, அதை வாரியத்துக்கே திருப்பிக் காட்டினார்கள். அதனால் 2005 ஜனவரியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். வாசித்தபோது ஆசிரியர்கள் வெளியே நின்றார்கள், சில பிள்ளைகளும் வெளியேறினார்கள். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்க அனுமதி இல்லை.

திறந்த மனத்தோடு இரு, ஆனால் வாயைத் திறக்காதே. நீதிபதி இதைத் தீர்ப்பில் விடாமல் பிடித்திருக்கிறார். பாடத்திட்டத்தில் வேறெதற்கும் இல்லாத மௌனம் இதற்கு மட்டும் ஏன், ஆசிரியரும் பேசக் கூடாத அளவுக்கு அப்படி என்ன விஷயம் என்றுதான் ஒரு பிள்ளைக்குத் தோன்றும் என்கிறார்.

அதற்குள் பதினோரு பெற்றோர் வழக்குப் போட்டிருந்தார்கள். முதல் பெயர் டாமி கிட்ஸ்மில்லர் என்ற தாயாருடையது, அதனால் வழக்குக்கே அந்தப் பெயர். வாதிகளில் ஒருவர் விடுமுறைக்காலப் பைபிள் வகுப்பு நடத்துபவர். எதிரணி இவர்களை நாத்திகர்கள் என்று தள்ளிவிட முடியவில்லை. இவர்கள் பக்கம் முதல் சாட்சியாக வந்த கென்னத் மில்லர், பக்கிங்ஹாம் குறை சொன்ன அதே பாடப்புத்தகத்தின் ஆசிரியர்களில் ஒருவர், கோயிலுக்குத் தவறாமல் போகும் கத்தோலிக்கர். இறையியலாளர் ஒருவரும் அவர்களுக்காகச் சாட்சி சொன்னார்.

மில்லர் சொன்ன ஒரு சான்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. பொது மூதாதை என்றால் ஒரு ஜோடி எங்கே போனது? காணாமல் போயிருந்தால் உயிர் தரித்திருக்காது. ஆக, இரண்டு ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். அப்படி ஒட்டியிருந்தால் தடயம் இருக்கும். குரோமோசோமின் இரு நுனிகளிலும், ஷூ லேஸின் முனையில் உள்ள பிளாஸ்டிக் உறை மாதிரி, டெலோமியர் என்ற பகுதி உண்டு. ஒட்டியதில் அது நடுவிலும் இருக்க வேண்டும், இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியரும் ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும். தேடினார்கள். நம்முடைய 2ஆம் குரோமோசோமில் நடுவே டெலோமியர் எச்சம் இருக்கிறது, செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரும் இருக்கிறது. இல்லாமல் போயிருந்தால் பரிணாமத்துக்குப் பெரிய சங்கடமாகியிருக்கும். தோற்றுப்போக வாய்ப்புள்ள ஒரு பந்தயத்தைக் கட்டி ஜெயிப்பதுதான் தியரியின் வேலை.

எதிரணியின் பெரிய சாட்சி மைக்கேல் பீஹி, லீஹை பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர். குறுக்கு விசாரணையில் அவரிடம், அறிவார்ந்த வடிவமைப்பைத் தியரி என்று ஏற்கும் உங்கள் வரையறைப்படி ஜோதிடமும் அறிவியல் தியரி ஆகுமா என்று கேட்டார்கள். ஆகும் என்றார். இதைப் படித்தபோது நம்மூர் டிவியின் காலை நேர நிகழ்ச்சிகளை நினைத்துக்கொண்டேன். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படிப் பரிணமித்தது என்று அறிவியலால் சொல்ல முடியாது என்று அவர் எழுதியிருந்தார். அது பற்றிய 58 ஆய்வுக் கட்டுரைகளையும் ஒன்பது புத்தகங்களையும் அவர் முன்னே அடுக்கினார்கள். போதாது என்றார். போதாது என்பது அவர் கருத்து, ஆனால் அவற்றை முழுக்கப் படித்துவிட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

இதெல்லாம் அறிஞர்கள் சண்டை. வழக்கை உண்மையில் முடித்தது ஒரு டைப்பிங் வேலை.

அந்தப் பாண்டா புத்தகத்தின் பழைய வரைவுகளைக் கேட்டு வாங்கினார்கள் வாதிகளின் வழக்கறிஞர்கள். லூசியானாவிலிருந்து வந்த தத்துவப் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் அவற்றை வரி வரியாக ஒப்பிட்டார். பழைய வரைவுகளின் தலைப்பிலேயே படைப்பு இருந்தது. உள்ளே படைப்பு, படைப்புவாதம், படைப்புவாதி என்று சுமார் 150 இடங்கள். 1987 தீர்ப்பு வந்த கொஞ்ச நாளில் அந்த 150 இடங்களிலும் அறிவார்ந்த வடிவமைப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. சொல்லுக்கான வரையறைகூட மாறவில்லை, சொல் மட்டும் மாறியது.

அதிலும் ஒரு வரைவில் அவசரத்தில் பாதி அழித்திருக்கிறார்கள். தமிழில் இப்படிக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 'படைப்புவாதிகள்' என்பதை அழித்து 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று போட வேண்டும். முன்னால் ஒரு 'ப'வும் பின்னால் 'வாதிகள்' என்பதும் அழியாமல் நின்றுவிட்டால்? 'பவடிவமைப்பு ஆதரவாளர்வாதிகள்'. ஆங்கிலத்தில் 'கிரியேஷனிஸ்ட்ஸ்' என்பதை 'டிசைன் புரோபோனென்ட்ஸ்' ஆக்கும்போது கிட்டத்தட்ட இதேதான் நடந்தது, 'சிடிசைன் புரோபோனென்ட்சிஸ்ட்ஸ்' என்று ஒரு புது உயிரினம் அந்த வரைவில் கிடக்கிறது. ஊர்வனவுக்கும் பறவைக்கும் நடுவில் ஆர்க்கியாப்டெரிக்ஸ் மாதிரி, ஓர் இடைநிலைப் படிவம். இடைநிலைப் படிவங்களே கிடையாது என்று வாதிட்டவர்களின் புத்தகத்திலேயே. ஃபைண்ட் ரீபிளேஸ் கொடுத்து கையைச் சுட்டுக்கொண்ட அனுபவம் எனக்கும் உண்டு என்பதால் அன்று ராத்திரி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் பணம். பள்ளி நூலகத்துக்கு அந்தப் புத்தகம் 60 பிரதி நன்கொடையாக வந்திருந்தது. யார் கொடுத்தது? தெரியாது என்றார்கள் பக்கிங்ஹாமும் பான்செலும், சத்தியப் பிரமாணத்தின் பேரில். பக்கிங்ஹாம் தன் சர்ச்சில் 850 டாலர் திரட்டி, காசோலையை பான்செலின் அப்பா பெயருக்கு எழுதியிருக்கிறார் என்று கடைசியில் வெளிவந்தது. நீதிபதி பொறுக்க மாட்டாமல் தானே பான்செலைக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். படைப்புவாதம் என்ற சொல்லைத் தான் சொல்லவே இல்லை என்றார் பக்கிங்ஹாம். அவர் அதைச் சொல்லும் டிவி பேட்டியைக் கோர்ட்டில் போட்டுக் காட்டினார்கள்.

நீதிபதி ஜான் ஜோன்ஸ், ஜார்ஜ் புஷ் நியமித்தவர், குடியரசுக் கட்சிக்காரர். அதற்குமுன் மாநில மதுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர். பென்சில்வேனியாவிலும் மதுக்கடையை அரசாங்கமே நடத்துகிறது, ஆகவே நம்ம கணக்கில் டாஸ்மாக் சேர்மன். நம்மவர்தான் என்று வாரியத் தரப்பு நம்பியிருந்தால் ஆச்சரியமில்லை. கடைசி நாளில் வாரியத்தின் வழக்கறிஞர் எழுந்து, என் கணக்குப்படி இன்று நாற்பதாவது நாள், இன்றிரவு நாற்பதாவது இரவு, வேண்டுமென்றேதான் இப்படி வைத்தீர்களா என்று வேடிக்கையாகக் கேட்டார். பைபிளின் பிரளயக் கணக்கு அது. "சுவாரசியமான தற்செயல்தான், ஆனால் வடிவமைத்துச் செய்ததல்ல" என்றார் ஜோன்ஸ்.

டிசம்பர் 20 அன்று தீர்ப்பு. அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் இல்லை, பெயர் மாற்றிய படைப்புவாதம், அரசுப் பள்ளியில் அதற்கு இடமில்லை. மதப்பற்றைப் பெருமையாகப் பேசிய வாரிய உறுப்பினர்களே தங்கள் நோக்கத்தை மறைக்கத் திரும்பத் திரும்பப் பொய் சொன்னது எவ்வளவு முரண் என்றும் எழுதினார். தீர்ப்புக்குப் பிறகு அவருக்குக் கொலை மிரட்டல் வந்து கொஞ்ச காலம் போலீஸ் பாதுகாப்பில் இருந்தார். ஆனால் ஊர் முந்திக்கொண்டது. நவம்பர் தேர்தலில் போட்டியிட்ட வாரிய உறுப்பினர்கள் எட்டுப் பேரும் தோற்றிருந்தார்கள். புதிய வாரியம் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை, வழக்குச் செலவை மட்டும் கட்டியது: 10,00,011 டாலர். வழக்கறிஞர்களுக்குப் பத்து லட்சம், பதினோரு பெற்றோருக்குத் தலைக்கு ஒரு டாலர் நஷ்டஈடு.

இனி என் வீட்டுக் கதை.

2023 ஜூனில் மகள் பத்தாம் வகுப்பு, சிபிஎஸ்இ. புது அறிவியல் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தபோது பொருளடக்கத்தைப் பார்த்தேன். 'மரபும் பரிணாமமும்' என்றிருந்த பாடம் 'மரபு' என்று மட்டும் இருந்தது. சிபிஎஸ்இ பாடப்புத்தகங்களைத் தயாரிக்கும் என்சிஇஆர்டி கொரோனா காலத்தில் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று எடுத்தது, நிரந்தரமாகவே போய்விட்டது. தனிம வரிசை அட்டவணையும் பத்தாம் வகுப்பில் இல்லை. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் வந்தது. இருக்கிறது, உயிரியல் எடுப்பவர்களுக்கு. காமர்ஸ் எடுக்கப் போகும் என் மகளுக்கு இல்லை.

2018இல் சத்யபால் சிங் மத்திய இணை அமைச்சராக இருந்தபோது, குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை, டார்வின் தவறு, பாடத்தில் மாற்ற வேண்டும் என்று பேசினார். அவரும் முன்னாள் போலீஸ்காரர், மும்பை கமிஷனர். யாரும் கண்ணால் பார்க்காத குற்றத்தைத் தடயத்தை வைத்து நிரூபிப்பதையே தொழிலாகச் செய்தவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். மூன்று தேசிய அறிவியல் கழகங்களும் உடனே சேர்ந்து மறுத்தன, மூத்த அமைச்சரே அவரை அடக்கி வாசிக்கச் சொன்னார்.

அந்தப் பேச்சுக்கும் இந்த நீக்கத்துக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. சுமையைக் குறைக்கத்தான் எடுத்திருக்கலாம். டோவரில் ஒரு வரியைச் சேர்த்தார்கள், சேர்த்தவர்களைக் கூண்டில் ஏற்றி, யார் எழுதியது, யார் பணம், முந்தைய வரைவு எங்கே என்று கேட்க முடிந்தது. இங்கே ஒரு பாடம் குறைந்தது. வரைவு இல்லை, வாசித்துக் காட்டிய அறிக்கை இல்லை, வெளியே நின்ற ஆசிரியர் இல்லை. யாரைப் பிடித்து என்ன கேட்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

டோவர் அறிக்கை சொன்னபடியே விஷயம் குடும்பத்திடம் வந்து சேர்ந்தது. எதிர் வீட்டுப் பையனும் பத்தாம் வகுப்பு, ஆனால் ஸ்டேட் போர்டு. அவன் புத்தகத்தில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று முழுப் பாடமே இருக்கிறது, ஆர்க்கியாப்டெரிக்ஸ் இருக்கிறது, திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் இருக்கின்றன. கேட்டு வாங்கி வந்து மகளிடம் கொடுத்தேன். தமிழில் படிக்கத் திணறினாள், அம்மாதான் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினார். குரங்கும் மனிதனும் வருகிற பக்கத்தில் அம்மா கொஞ்சம் நிறுத்தினார்.

"பாட்டி, இதை நம்புறியா?" என்றாள் மகள்.

"எல்லாம் பெருமாள் படைச்சதுதான்" என்றார் அம்மா. "இப்படியும் படைச்சிருப்பார். மேல படி."

மூன்றாம் நாள் எதிர் வீட்டுப் பையன் வந்து கதவைத் தட்டினான். "அங்கிள், அந்தப் புக்கு வேணும். நாளைக்கு அதுல டெஸ்ட்." பாதியில் பக்கத்தை மடித்து வைத்திருந்தார் அம்மா. மடிப்பை நிமிர்த்திவிட்டுக் கொடுத்தேன்.